முந்திக்கொண்ட ஒரு ‘ஓ’

லெம் டாகெட்டைப் பற்றி யார் பேசினாலும் அந்த ‘ஓ’வில்தான் ஆரம்பிக்கிறார்கள். எனக்கு அதில் எரிச்சல். முப்பத்திரண்டு வருடம் தபால் நிலையத்தில் நின்றபடி கடிதம் பிரித்த மனிதர். மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். பொரித்த மீன்மேல் மிளகாய்ச் சாஸைக் கவிழ்த்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சாப்பிட்டுவிட்டு, காரமே இல்லை என்று சாதிப்பவர். இதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு நொடிகூட நீடிக்காத ஒரு சத்தத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். அதைச் சொல்லாமல் அவர் கதையைச் சொல்லிவிடலாம் என்று நானும் முயன்று பார்த்தேன். முடியவில்லை.

நான் ரூஃபஸ். பிலடெல்பியாவில் ஒரு பள்ளிக்கூடத்துக் கொதிகலனைக் காத்துக்கொண்டிருந்தவன். பத்தொன்பது வருடம் வேக்டெய்ல்ஸ் குழுவில் அடித்தொண்டைக்காரன். எங்கள் வகைப் பாட்டில் ஒருவன் முன்னால் நின்று காதலியை அழைப்பான், ஒருவன் பெண்குரலில் கூரையைத் தொடுவான், ஒருவன் தரையில் கிடந்து உறுமுவான். உறுமுகிறவன் நான். லெம் இவர்களுக்கு நடுவில் நிற்கும் குரல். அந்தக் குரல் இருப்பது யாருக்கும் தெரியாது, இல்லாவிட்டால் மட்டும் தெரியும்.

வேக்டெய்ல் என்றால் வாலாட்டிக் குருவி. ஐம்பத்தேழாம் வருடம் வடக்கு பிலடெல்பியாவில் எந்த மூலைக்குப் போனாலும் ஐந்து பையன்கள் பாடிக்கொண்டிருந்தார்கள், ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பறவைப் பெயர். நல்ல பறவைகளையெல்லாம் மற்றவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். இவர்கள் நூலகத்துக்குப் போய் ஒரு பறவைப் புத்தகத்தைப் புரட்டி, கடைசிப் பக்கங்களில் மிச்சமிருந்த ஒன்றை எடுத்தார்கள். அந்தக் குருவி எங்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது என்பது இருபது வருடம் கழித்துத்தான் லெம்முக்குத் தெரிந்தது. “பாக்காத குருவிக்கு வால ஆட்டிக்கிட்டு இருந்திருக்கோம்டா,” என்பார்.

அவர்களுடைய ஒரே பெரிய பாட்டு ‘வெர்னெல்லா’. அதைப் பதிவு செய்தது ஒரு மேசை நாற்காலிக் கடைக்காரன். கடைக்குப் பின்னால் ஓர் அறை, சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவர் முழுக்க விற்பனைக்கு வந்த மெத்தைகளைச் சாத்தி வைத்திருந்தான். லெம்முக்கு அப்போது பதினேழு வயது. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ரொட்டிக் கடையில் வேலை, விடிவதற்கு மூன்று மணி நேரம் முன்பே போய் மாவு மூட்டை சுமக்க வேண்டும். அன்றைக்கு மூட்டை சுமந்து, பள்ளிக்கூடம் போய், அங்கிருந்து நேராக வந்து மெத்தைகளுக்கு நடுவில் நின்றார். அன்று அந்த ஒரு பாட்டைப் பதினோரு முறை பாடினார்கள்.

பாட்டில் ஓர் இடம் வரும். முன்னால் நிற்பவன், ரேமண்ட் என்று பெயர், ‘நான் காத்திருந்தேன் வெர்னெல்லா’ என்று பாடி நிறுத்துவான். சுத்தமான மௌனம். மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டு மற்ற நால்வரும் சேர்ந்து நுழைய வேண்டும். பதினோராவது முறை, அந்த மௌனத்தில் லெம் நின்றபடியே தூங்கிவிட்டார். மெத்தையில் தலை சாய்ந்திருக்கிறது. திடுக்கிட்டு விழித்தவர் நேரமாகிவிட்டது என்று நினைத்து ‘ஓ’ என்று இழுத்துவிட்டார், தன்னந்தனியாக, ஓர் எண்ணிக்கை முன்னால். மற்றவர்கள் ஓடிவந்து சேர்ந்துகொண்டார்கள். கடைக்காரனுக்குக் கடையைப் பூட்ட நேரமாகிவிட்டது. இதுவே போதும், கிளம்புங்கள் என்று சொல்லிவிட்டான்.

அந்த இசைத்தட்டு விற்றது. ரேமண்டின் குரலுக்காக விற்றது என்று முதலில் நினைத்தார்கள். பிறகுதான் தெருவில் பிள்ளைகள் அந்த ‘ஓ’வைப் பாடுவதைக் கேட்டார்கள். மேடையில் லெம் ஒழுங்காக, நேரத்துக்கு நுழைந்தபோது சனங்கள் முகத்தைச் சுளித்தார்கள். எங்கள் சனங்களுக்கு எல்லாம் தட்டில் இருப்பது போலவே வேண்டும். மூச்சு வாங்குவதுகூட அதே இடத்தில் வர வேண்டும். அன்றிலிருந்து லெம் அந்தத் தவறை வேண்டுமென்றே செய்துவந்தார். ஐம்பத்தெட்டு வருடம்.

பாட்டைப் பற்றிப் புத்தகம் எழுதிய ஒருவர் அதைக் காதலின் பொறுமையின்மை என்று எழுதினார். லெம் அந்தப் பக்கத்தை எனக்குப் படித்துக் காட்டிவிட்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆரம்பத்தில் கேட்கிறவர்களிடமெல்லாம் உண்மையைச் சொல்லியிருக்கிறார். ஒருமுறை ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண்மணி வந்து, அந்த ‘ஓ’வைக் கேட்டுத்தான் என் புருஷனுக்குச் சரி என்று சொன்னேன் என்றாள். அது தூக்கக் கலக்கத்தில் வந்தது என்று இவர் சொல்லிவிட்டார். அவள் முகம் வாடிப்போயிற்றாம். அதற்குப் பிறகு யாரிடமும் சொல்வதில்லை, மனைவி ஆர்டெல்லையும் என்னையும் தவிர.

நடுவில் பாட்டு செத்துப்போனது. எங்கள் பாட்டையெல்லாம் தள்ளிவிட்டு வேறு பாட்டு வந்தது. லெம் தபால் நிலையத்துக்குப் போனார், இரவு முறை. ஒரு பதினைந்து வருடம் யாரும் கூப்பிடவில்லை, அந்தக் காலம்தான் தன் வாழ்வில் நிம்மதியான காலம் என்பார். பிறகு எங்கள் சனங்களுக்கு வயதானது, இளமையில் கேட்ட பாட்டு வேண்டியிருந்தது. சனி, ஞாயிறுகளில் பள்ளிக்கூட அரங்குகள், தேவாலயக் கூடங்கள், கடற்கரை விடுதிகள். திரும்பவும் குழுவுக்கு ஒரே நிறத்தில் கோட்டு தைத்தார்கள்.

பாட்டு உயிர்த்ததும் போலிகளும் கிளம்பினார்கள். ஒரே சனிக்கிழமை மூன்று ஊர்களில் மூன்று வேக்டெய்ல்ஸ் பாடியதுண்டு. ஒரு குழுவில் நால்வரும் அந்தத் தட்டு வெளிவந்த பிறகு பிறந்தவர்கள். கடைசியில் சட்டம் வந்தது. பாட்டைப் பதிவு செய்த ஆட்களில் ஒருவராவது மேடையில் இருந்தால்தான் அந்தப் பெயரை விளம்பரத்தில் போடலாம். நாங்கள் எல்லோரும் அந்தச் சட்டத்துக்காகக் கையெழுத்து வாங்கி அலைந்தோம், லெம்மும் அலைந்தார். அப்போது ரேமண்டும் இன்னொருவரும் உயிரோடு இருந்தார்கள். ஐந்தே வருடத்தில் இருவரும் போய்விட்டார்கள். லெம் மட்டும் மிஞ்சினார். அந்தச் சட்டம் அவர் கழுத்தைச் சுற்றிக்கொண்டது.

ரேமண்ட் இடத்தில் குவென்டின், பெண்குரலுக்கு டெல்பர்ட், உறுமுவதற்கு நான். மூவருக்கும் அறுபதை ஒட்டிய வயது. லெம்முக்கு எழுபத்தைந்து, இரண்டு முழங்காலும் தேய்ந்துபோனவை. இரண்டு வருடம் முன்பே நிற்க முடியவில்லை என்று விலகப் பார்த்தார். அப்போது அந்த யோசனையைச் சொன்னவன் நான்தான். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

“லெம்ண்ணே, நீங்க ஒண்ணும் பாட வேணாம். ஸ்டூல்ல உக்காந்துக்கங்க. அந்த ‘ஓ’ மட்டும் குடுங்க, போதும்,” என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அம்பது வருஷத்துக்கு மேல அதத்தானடா இறக்கி வைக்கப் பாக்குறேன். அத மட்டும் எங்கிட்ட விட்டுட்டு மத்ததெல்லாம் எடுத்துக்கறீங்களா?”

ஆனால் உட்கார்ந்தார். மறுத்துப் பேசிப் பழக்கமில்லாத மனிதர். ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவேன். வெளிர்நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். ‘வெர்னெல்லா’ வந்ததும் ‘ஓ’ சொல்வார், சனங்கள் எழுந்து நின்று கத்துவார்கள், திரும்பக் கூட்டிக்கொண்டு வருவேன்.

போன ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை தேவாலயத்தின் கீழ்க்கூடத்தில் ஒத்திகை. முடிந்து நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தோம்.

“இந்தச் சனிக்கிழமையோட போதும்டா,” என்றார் லெம்.

குவென்டினுக்கு வாய் சும்மா இருக்காது. “காப்பி வேணுமான்னு கேட்டா போதும்னு சொல்லலாம் பெரியவரே. இது அப்படியா? நீங்க இறங்கினா எங்க பேரும் உங்ககூடவே இறங்கிடுமே.”

“பேருதான? வேற குருவி பாத்துக்கங்க.”

“எல்லாக் குருவியும் காலி. உங்க காலத்துலயே காலி.”

டெல்பர்ட் மடக்கிய நாற்காலிமேலேயே கையை ஊன்றிக்கொண்டு நின்றான். “நீங்க இல்லாம நாங்க யாருண்ணே? ஒரே கலர் கோட்டு போட்ட மூணு கிழவனுங்க.”

“நான் இருந்தா மட்டும் என்ன? நாலு கிழவனுங்க.”

குவென்டின் டிசம்பர் வரைக்கும் கச்சேரிகளுக்கு நாள் ஒத்துக்கொண்டிருந்தான், எல்லா விளம்பரத்திலும் லெம்மின் படம். அதைச் சொன்னான், திரும்பத் திரும்பச் சொன்னான். லெம் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கடைசியில் கையைத் தூக்கி நிறுத்தினார்.

“சரி. சனிக்கிழமை அந்த ‘ஓ’ எங்கிட்டேருந்து வந்துச்சுன்னா, டிசம்பர் வரைக்கும் வரேன். வாயத் திறக்க மாட்டேன். வரலைன்னா என்னை விட்டுடணும். நீங்களும் வாயத் திறக்கக் கூடாது.”

குவென்டின் உடனே கையை நீட்டினான். அந்த ‘ஓ’ ஒருநாளும் வராமல் இருந்ததில்லை. லெம் கைகுலுக்கினால் எழுதிக் கொடுத்தது மாதிரி. எனக்கும் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது, அதை மறைக்க மாட்டேன். கொதிகலன் அறையில் இருபத்தாறு வருடம் யார் கண்ணிலும் படாமல் கிடந்தவனுக்கு அந்த நீலக் கோட்டு என்ன என்று எனக்குத்தான் தெரியும்.

சனிக்கிழமை காலை அவர் வீட்டுக்குப் போனேன். ஆர்டெல் அக்கா வாசலுக்கே வந்துவிட்டார், கையில் சாப்பாட்டுப் பொட்டலம்.

“தம்பி, சாப்பிடும்போதே தூங்கிடறார். கரண்டி கையில இருக்கு, கண்ணு மூடியிருக்கு. நீயாவது அவர விடேன்.”

“நான் எங்கக்கா புடிச்சு வெச்சிருக்கேன்?”

“நீதான வண்டி ஓட்டற?”

பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன்.

அரங்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம், நியூ ஜெர்சியில். பிற்பகல் இரண்டு மணிக் காட்சி. முதியோர் குடியிருப்புகளிலிருந்து பேருந்து பேருந்தாக வந்திறங்கியிருந்தார்கள், கைத்தடிகள், சக்கர நாற்காலிகள், சரிகை போட்ட தொப்பிகள். எந்த அரங்குக்குப் போனாலும் நாங்கள் முதலில் தேடுவது ஆண்கள் கழிப்பறையை. சிறுவயதில் எல்லோரும் பாடிப் பழகியது அங்கேதான், ஓடு பதித்த சுவரில் குரல் திரும்பி வரும். மேடை ஏறும் முன் நால்வரும் அங்கே நின்று சுருதி சேர்க்காவிட்டால் எங்களுக்குக் கைகால் ஓடாது. அந்த அரங்கின் கழிப்பறை புதிதாகக் கட்டியது. கூரையில் ஏதோ பஞ்சுப் பலகை. குவென்டின் கையைத் தட்டிப் பார்த்தான், சத்தம் அங்கேயே விழுந்தது.

“இங்க ஒண்ணும் திரும்பி வரல,” என்றார் லெம். கைகழுவும் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

“வீட்டுக்குப் போகணுமாண்ணே?” என்று கேட்டேன். வாய்தான் கேட்டது.

“கைகுலுக்கியிருக்கேனே.”

நாங்கள் மூன்றாவது குழு. மேடை விளக்குகள் சூடாக இருந்தன. லெம்மை ஸ்டூலில் உட்கார வைத்து அவருக்கு இடது பக்கம் நான் நின்றேன், எப்போதும் நிற்கும் இடம். குவென்டினும் டெல்பர்ட்டும் எங்களுக்கு முன்னால், சனங்களைப் பார்த்தபடி. முதல் நான்கு பாட்டுக்குக் கைதட்டல் சுமாராக இருந்தது. எதற்காக வந்திருக்கிறார்கள் என்று அவர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

‘வெர்னெல்லா’வின் முதல் சுருதி விழுந்ததும் அரங்கில் ஒரு பெருமூச்சு. முன்வரிசையில் ஒரு கிழவர் பக்கத்தில் இருந்த மனைவியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். என் பாட்டுக்கு நான் உறுமிக்கொண்டிருந்தேன். இரண்டாவது அடி முடியும்போது லெம்மைப் பார்த்தேன். முகவாய் கழுத்துப்பட்டியில் இறங்கியிருந்தது. கை முழங்கால்மேல் திறந்து கிடந்தது.

அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

தோளைத் தட்டியிருக்கலாம், அரை அடி தூரம்தான். தட்டவில்லை. ஆர்டெல் அக்கா சொன்னதை நினைத்துத் தட்டவில்லை என்று சொன்னால் நன்றாக இருக்கும். உண்மை என்னவென்றால் பயத்தில் கை வரவில்லை. குவென்டின் ‘நான் காத்திருந்தேன் வெர்னெல்லா’ என்று பாடி, தலையைப் பின்னால் சாய்த்து நிறுத்தினான்.

மௌனம். நான் எண்ணினேன். ஒன்று.

இரண்டு வருமுன் அரங்கு பாடியது. அறுநூறு பேர், பல்செட்டும் மூச்சிரைப்புமாக, ‘ஓ’ என்று, லெம் நுழையும் அதே இடத்தில், ஓர் எண்ணிக்கை முன்னால், அவர் இழுக்கும் அதே வளைவோடு. அவர்கள் எப்போதும் அவரோடு சேர்ந்து பாடுகிறவர்கள்தான். அன்றைக்கு அவர் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியவேயில்லை. அவர் குரல் அதில் இருப்பதாகவே கேட்டுக்கொண்டார்கள். முன்னால் நின்ற எங்கள் ஆட்கள் இருவரும்கூட அப்படித்தான் கேட்டார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உடனே அழுகை வந்தது, உறுமலில் அதை அமுக்கினேன்.

அந்தச் சத்தத்தில் லெம் விழித்தார். திடுக்கிட்டு நிமிர்ந்து, மற்றவர்கள் நுழையும் இடத்தில் வாயைத் திறந்தார். சரியான நேரத்தில் எங்களோடு சேர்ந்து நுழைந்தார். பாட்டு முடியும் வரை பாடினார். நல்ல குரல், பழுதில்லாத குரல். பத்தொன்பது வருடத்தில் அவர் அந்த இடத்தில் நேரத்துக்கு நுழைந்து நான் கேட்டது அன்று மட்டும்தான்.

திரைக்குப் பின்னால் குவென்டின் அவரைக் கட்டிக்கொண்டான். “பிரமாதம் பெரியவரே. வந்துச்சா இல்லையா? அரங்கமே இடிஞ்சு விழுந்திருக்கும். டிசம்பர், சரியா?”

லெம் அவனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் கோட்டுப் பொத்தானைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தேன்.

மற்ற இருவரும் தங்கள் காரில் போனார்கள். நானும் லெம்மும் வண்டியில். இன்னும் நல்ல வெயில். பாலத்துக்கு முன்னால் நெரிசல், வண்டிகள் ஊர்ந்தன. ஆர்டெல் அக்கா கொடுத்த பொட்டலம் பிரிக்காமல் நடுவில் கிடந்தது.

“ரூஃபஸ்.”

“சொல்லுங்கண்ணே.”

“நான் பாடினேனா?”

பாலத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆமாம் என்றால் போதும். டிசம்பர் வரைக்கும் எனக்குக் கோட்டு உண்டு, பெயர் உண்டு, சனிக்கிழமை உண்டு. அவர் நம்பிவிடுவார், என்னை எப்போதும் நம்புகிறவர். ஆமாம் என்று நாக்கு நுனி வரை வந்தும்விட்டது. கொதிகலன் அறையின் எண்ணெய் வாசனைகூட மூக்கில் அடித்தது. ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தேன். கதவில் தலையைச் சாய்த்துக்கொண்டு, பரீட்சை முடிவு கேட்க வந்த பிள்ளை மாதிரி காத்திருந்தார்.

“இல்லண்ணே. தூங்கிட்டீங்க,” என்றேன்.

“அப்புறம் யாரு?”

“அவங்கதான்.”

“யாரு அவங்க? டெல்பர்ட்டா?”

“சனங்க. அத்தனை பேரும்.”

பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான், நான் ஓரடி நகர்த்தினேன்.

“எப்ப நுழைஞ்சாங்க? நேரத்துக்கா?”

“முன்னாடிதான். உங்களவிட சுத்தமா.”

அவர் சிரிக்க ஆரம்பித்தார். சத்தமில்லாமல், தோள் குலுங்க. சிரித்து முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டார், நிறையத் துடைக்க வேண்டியிருந்தது. “தூங்கினதும் நான்தான், முழிச்சதும் நான்தான். அவங்க எதுக்குடா தப்புப் பண்றாங்க? பண்ணட்டும், பண்ணட்டும்.”

கோட்டைக் கழற்றினார். உட்கார்ந்தபடியே கழற்ற நான் ஒரு கையால் உதவினேன். அதை மடித்துப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

“குவென்டின் உன்னத் திட்டப்போறான்.”

“திட்டட்டும்ண்ணே.”

“உனக்கு இனிமே சனிக்கிழமை…”

“தூங்குங்கண்ணே. வீடு வந்ததும் எழுப்பறேன்.”

பாலம் ஏறும்போதே தூங்கிவிட்டார். வீட்டு வாசலில் நிறுத்தியும் எழுப்ப மனம் வரவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு, வெயில் போகும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

குவென்டின் திட்டினான். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு கைகுலுக்கியது கைகுலுக்கியதுதான் என்று அவனே வந்தான். பெயர் போயிற்று. இப்போது எங்களுக்கு வேறு பெயர், பறவைகூட இல்லை. விளம்பரத்தில் கடைசி வரியில் வருகிறோம், பேருந்துகள் குறைவு. டெல்பர்ட் சொன்னது சரி, ஒரே கலர் கோட்டு போட்ட மூன்று கிழவர்கள்தான். ஆனாலும் அந்தப் பாட்டைப் பாடுகிறோம். அந்த இடம் வந்தால் நாங்கள் வாயை மூடிக்கொள்கிறோம், அவர்கள் பாடுகிறார்கள்.

போன சனிக்கிழமை மேடை ஏறுவதற்கு முன்னால் லெம் வீட்டுக்குப் போன் செய்தேன். கழிப்பறையில் நல்ல ஓடு, குவென்டின் கையைத் தட்டிக்கொண்டிருந்தான். லெம்மை அதைப் போனில் கேட்க வைக்கலாம் என்று நினைத்தேன். ஆர்டெல் அக்காதான் எடுத்தார், குரலைத் தாழ்த்திப் பேசினார்.

“தூங்கறார் தம்பி. மத்தியானம் படுத்தவர். எழுப்பட்டுமா?”

“வேணாம்க்கா,” என்றேன்.